அக்காவின் கணக்கில் இல்லாத ஐந்து காய்கள்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள், அக்காவிடம் படித்தவர்கள், அவரோடு பணிபுரிந்த ஆசிரியர்கள் எல்லோருக்கும் தம்பியாகிய என் வணக்கம். இத்தகைய மலர்களில் மறைந்தவர் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை என்று எழுதுவது வழக்கம். அக்கா பேசியிருக்கிறார். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தாம். எனவே அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு மேலே போகிறேன்.

அக்கா பிறந்தது கணபதியில். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. நாங்கள் இருவரே பிள்ளைகள்; அக்காவுக்கும் எனக்கும் ஏழு வயது வித்தியாசம். ஆலை அடிக்கடி மூடிக் கிடந்த காலம் அது. அக்கா எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கினார். கல்லூரியில் சேர்ந்து கணிதம் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வீட்டு நிலைமை அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்தால் சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று அப்பா சொன்னார். அக்கா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பயிற்சிக்குப் போனார். பிறகு அதைப் பற்றிக் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

பயிற்சி முடிந்ததும் எங்கள் பகுதியிலேயே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அந்தப் பள்ளியின் நிர்வாகத்துக்குக் கோவையைச் சுற்றி வெவ்வேறு ஊர்களில் பள்ளிகள் இருந்தன. அக்கா கடைசிவரை கணபதிப் பள்ளியிலேயே இருந்தார். திருமணத்துக்குப் பிறகும் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார். மாமா மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தவர். பொறுமைசாலி. அக்காவோடு வாழ அது தேவையாகத்தான் இருந்தது. அவர்களுக்கு ஒரே மகள்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய "பொருத்துக" தெரிந்திருக்கும். பரீட்சைத் தாளில் இடப்பக்கம் நான்கு சின்னக் கதைகள், வலப்பக்கம் நான்கு எண்கோவைகள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் கலந்து நிற்கும். எந்தக் கதைக்கு எந்தக் கோவை என்று பிள்ளைகள் கோடு போட வேண்டும். விடை கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பெருக்கத் தெரியாத பிள்ளைக்கு வாய்ப்பாட்டைக் கொடுத்தால் பெருக்கிவிடும், பெருக்க வேண்டுமா வகுக்க வேண்டுமா என்று தெரியாத பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் பிரயோசனம் இல்லை என்பது அவருடைய கட்சி. கடைசியில் ஒரு கதைக்கு மட்டும் ஜோடி இருக்காது. அதற்காக ஒரு காலிக் கட்டம் போட்டு, "எதுவும் பொருந்தாவிட்டால் சரியான கோவையை நீங்களே எழுதுக" என்று ஒரு வரி சேர்ப்பார். மீதமிருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு இணைத்துவிடும் பிள்ளைகளைப் பிடிப்பதற்கான ஏற்பாடு அது.

கதைகளுக்காக அவர் என் பட்டறைக்கு வருவார். நான் லேத்து பட்டறை வைத்து, எனக்கே தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் விடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இருபதிலிருந்து இரண்டைக் கழித்து மூன்றால் வகுத்தால் அது என்ன என்று கேட்பார். ஆறு என்று சொன்னால் கோபம் வரும்.

"விடைய எவன் கேட்டான்? கதையச் சொல்லு."

வேலையை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டியிருக்கும். இருபது வார்ப்பு வந்தது, இரண்டில் ஓட்டை, தள்ளிவிட்டோம், மீதியை மூன்று லேத்துக்குப் பிரித்தோம் என்பேன். அடுத்த பரீட்சைத் தாளில் என் பட்டறை வந்துவிடும். உண்மையில் ஓட்டை விழுந்தவை இரண்டைவிட அதிகம் என்று நான் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். என் உதவியாளர்கள் அவர் தலை தெரிந்ததும் மெஷினைச் சத்தமாக ஓட விடுவார்கள். எனக்கும் சில நாட்கள் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது பெரும்பாலும் அந்த ஸ்டூலில்தான்.

அவருடைய தாள்கள் நிர்வாகத்துக்குப் பிடித்துப் போயின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தங்கள் பள்ளிகள் அனைத்துக்கும் ஐந்தாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வுக் கணக்குத் தாளைத் தயாரிக்கும் பொறுப்பை அக்காவிடம் கொடுத்தார்கள். ஒரு பள்ளியின் விடைத்தாள்களை வேறு பள்ளியில் திருத்துவார்கள். சில ஆண்டுகள் நல்லபடியாக நடந்தது. கணபதிப் பள்ளித் தலைமையாசிரியை ஓய்வு பெறும் நேரம் வந்தபோது, அடுத்தது அக்காதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அக்கா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மாதம் இரண்டு பருத்திப் புடவை புதிதாக எடுத்தார் என்று மாமா சொல்லிச் சிரித்தார்.

அந்த ஆண்டு நடந்ததைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. உறவினர்கள் பலருக்கு அது வேறு விதமாகத் தெரியும்.

அந்த ஆண்டுத் தாளில் ஒரு கதை தேங்காய் பற்றியது. தோட்டக்காரர் ஒருவர் வியாபாரிக்கு எட்டு நூறு தேங்காய் விற்றார், வியாபாரி வண்டியில் ஏற்றிய காய்கள் எத்தனை என்பது கதை. அதற்குரிய கோவை 8 × 100. இருப்பதிலேயே சுலபமான கேள்வி; மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண்ணாவது கிடைக்கட்டும் என்று வைத்தது. பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நிர்வாகத்துக்கு ஒரு சிறிய பள்ளி இருந்தது. அந்தப் பள்ளியின் விடைத்தாள்கள் திருத்துவதற்கு அக்காவிடமே வந்தன. வகுப்பில் ஒரு பிள்ளைகூட 8 × 100க்குக் கோடு போடவில்லை. அத்தனை பேரும் காலிக் கட்டத்தில் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: 8 × 105.

நூற்றைந்து என்ற எண் வினாத்தாளில் எங்கும் இல்லை. கேள்வியில் இல்லாத எண்ணை ஒரு வகுப்பு முழுவதும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறது என்றால், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு என்ன நினைக்கத் தோன்றும்? அக்காவும் அப்படித்தான் நினைத்தார். அப்படியே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்கு அனுப்பினார்.

அந்த வகுப்பின் ஆசிரியை சாந்தி. சோமனூரில் தறி ஓட்டும் குடும்பத்துப் பெண். அந்த வருடம்தான் தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்து, தோப்பு ஊரில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். நிர்வாகம் அவரை அழைத்து விசாரித்தது. தான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றார். பின் நூற்றைந்து எப்படி வந்தது என்றதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையிலேயே அவருக்கும் தெரியாது. பிள்ளைகளை நிற்க வைத்துக் கேட்டபோது, பயத்தில் ஒரு சிறுமி மட்டும் "நூறுன்னா அப்படித்தானுங்க சார்" என்றாளாம். திமிர்ப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்கள். வகுப்பு முழுவதற்கும் தேர்வு முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. முடிவு வராமல் ஆறாம் வகுப்பில் எங்கும் சேர முடியாது.

அறிக்கை அனுப்பிய பிறகு அக்காவுக்கு ஒன்று உறுத்தியது. சொல்லிக் கொடுப்பவர் சரியான விடையைத்தானே சொல்லிக் கொடுப்பார், மெனக்கெட்டுத் தப்பைச் சொல்லிக் கொடுப்பாரா என்று மாமாவிடம் கேட்டிருக்கிறார். ஒரு சனிக்கிழமை காலை அவரை ஸ்கூட்டர் எடுக்கச் சொல்லி, பள்ளிக்குப் போகாமல் நேராக அந்த ஊரின் தேங்காய்க் களத்துக்குப் போனார்.

களத்தில் காய் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் எதிரெதிரே குனிந்து, கைக்கு இரண்டாக எடுத்து வீசி, ராகம் போட்டு எண்ணினார்கள். நூறு வந்ததும் எண்ணுவதை நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு, வாயைத் திறக்காமல், இன்னும் ஐந்து காயைத் தூக்கி அதே குவியலில் போட்டார்கள். பிறகு அடுத்த நூறு ஒன்றிலிருந்து தொடங்கியது. அந்த ஐந்து என்ன என்று அக்கா கேட்டார். லாபக்காய் என்றார்கள். வியாபாரிக்கு நூற்றுக்கு இத்தனை காய் சேர்த்துக் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அங்கே நூறு காய் விற்றேன் என்று சொன்னால் வண்டியில் ஏறுவது நூற்றைந்து. அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. களத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கும் தெரியும். அக்கா கேட்டிருந்ததோ, வண்டியில் ஏறிய காய்கள் எத்தனை என்று. அந்தப் பிள்ளைகள் கேள்வியை ஒழுங்காகப் படித்து, தாளில் இருந்த கோவை எதுவும் பொருந்தவில்லை என்று கண்டு, அக்கா சொன்னபடியே காலிக் கட்டத்தில் சரியானதை எழுதியிருந்தார்கள்.

கணபதியில் பிறந்து, கடையில் ஒரு தேங்காய் இரண்டு தேங்காய் என்று வாங்கிப் பழகிய அக்காவுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. சோமனூரில் நூலும் தறியுமாக வளர்ந்த சாந்திக்கும் அப்படித்தான். மாமா அந்தக் காட்சியை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். "உங்கக்கா களத்துலயே சிலையாட்டம் நின்னுபோட்டா மாப்ளே. நாலு வாட்டி கூப்புட்டேன். காதுலயே உழுகுல" என்பார்.

இதற்கு மேல் உறவினர்கள் அறிந்த கதை இதுதான். அக்கா திரும்பி வந்தார். நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து நின்றார். தாளாளர், மற்றப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் இருக்க, "அந்த ஊர்ப் புள்ளைக எழுதுனதுதான் சரிங்க. என்ற கேள்விதான் தப்பு. நான் குடுத்த அறிக்கையும் தப்புங்க" என்றார். எழுத்தில் தர முடியுமா என்று தாளாளர் கேட்க, அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். பிள்ளைகளின் முடிவு வெளியாகி, எல்லோரும் ஆறாம் வகுப்புக்குப் போனார்கள். தலைமையாசிரியைப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. வினாத்தாள் தயாரிக்க அக்காவை அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. உண்மைக்காகப் பதவியை விட்டவர் என்று மாமா கல்யாண வீடுகளில் சொல்வார். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அக்கா அந்தப் பேச்சு தொடங்கியதும் எழுந்து போய்விடுவார். அடக்கம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

இப்போது அக்காவின் கடைசிக் காலத்துக்கு வருகிறேன். ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே சர்க்கரை அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டது. ரத்தம் சுத்திகரிக்க வாரத்துக்கு இரண்டு முறை மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. மாமாவுக்குக் கம்பெனியில் அடிக்கடி விடுப்புக் கிடைக்காததால் பெரும்பாலும் நான்தான் கூட்டிப்போனேன். மெஷின் ஓடும் நான்கு மணி நேரமும் அக்கா படுத்திருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அங்கும் நர்ஸ் பெண்களிடம் கதை கேட்பார். சொட்டு மருந்தை வைத்து ஒரு கணக்கு, படுக்கைகளை வைத்து ஒரு கணக்கு. அந்தப் பெண்கள் அவரைப் பார்த்து முதலில் பயந்து, பிறகு பழகிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு நாள் மதியம், பக்கத்துப் படுக்கைக்காரர் யாரையோ புகழ்ந்து பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, தனக்கும் மலர் போடுவீர்களா என்று கேட்டார். வாயைக் கழுவச் சொன்னேன். அவர் கண்டுகொள்ளவில்லை. போடுவீர்கள், உங்க மாமா சும்மா இருக்க மாட்டார் என்று அவரே பதிலும் சொன்னார். பிறகு சொன்னதை அவர் பேசியபடியே எழுதுகிறேன்.

"சனிக்கெழம களத்துல பாத்தேன். கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னது அதுக்கு அடுத்த வாரக் கடைசில. நடுவுல எட்மிஸ்ட்ரஸ் வேலைக்கு என்ற பேரு போகுதுன்னு ஆபீசுல சொன்னாங்க. அது கையெழுத்தாகட்டும், அப்பறஞ் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். புள்ளைக முடிவு எப்ப வேணா போட்டுக்கலாம்னு நெனச்சேன். அந்த வாரந்தாண்டா சாந்திய ஊட்டுக்கு அனுப்புனாங்க."

சாந்திக்கு வேலை போனது எனக்குத் தெரியும். ஆனால் அது அக்கா களத்துக்குப் போவதற்கு முன்பே நடந்தது என்றுதான் மாமா சொல்லிவந்தார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். சாந்தியை அனுப்பியது தெரிந்த பிறகுதான் அக்காவால் இருக்க முடியாமல் போயிருக்கிறது. தன் பெயர் கையெழுத்தாவதற்கு முன்பே எழுந்து சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு முடிவு போட்ட நிர்வாகம், சாந்தியைத் திரும்ப அழைக்கவில்லை. தற்காலிக ஆசிரியைதானே, போனது போனதுதான் என்றார்களாம். அக்கா இரண்டு முறை தாளாளரிடம் போய்க் கேட்டிருக்கிறார். நடக்கவில்லை. காப்பி விவகாரத்தில் வேலை போனவர் என்ற பெயரோடு சாந்தி வேறு பள்ளியில் சேர முடியாமல், சோமனூரில் தறிக் கூடத்திலேயே வேலைக்கு உட்கார்ந்துவிட்டார்.

அவரைப் பார்த்து நேரில் சொன்னீர்களா என்று கேட்டேன். சோமனூர் பஸ் ஏறி இரண்டு முறை போனதாகவும், ஒரு முறை பஸ் ஸ்டாண்டிலிருந்தும் ஒரு முறை அவர்கள் தெரு முனையிலிருந்தும் திரும்பி வந்ததாகவும் சொன்னார். வகுப்பையே நடுங்க வைத்தவர், உறவில் யாருக்கும் பணிந்து போகாதவர், தெரு முனை வரை போய்விட்டுத் திரும்பினார் என்பதை என்னால் இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை. கேட்கும்போது எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. மெஷினோடு கட்டிப்போட்டிருந்த அந்தக் கையைப் பார்த்ததும் துக்கமாகவும் இருந்தது. இரண்டில் எது கூட என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

"மலர்ல இத எழுதிப்போடு. எனக்கு எல்லாந் தெரிஞ்சு இருக்கறப்பத்தான் அந்தப் புள்ளைக்கு வேல போச்சுன்னு எழுது" என்றார். செத்தவர்களைப் பற்றி யாராவது அப்படி எழுதுவார்களா என்றேன். "நீ எழுது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மழைக்காலம் முடியும் சமயத்தில், வீட்டில், மாமாவும் மகளும் பக்கத்தில் இருக்க, அக்காவின் உயிர் பிரிந்தது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் மாமாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, தேதிகளை மாற்றிச் சொன்னது தான்தான் என்றும், அவளைக் குறைத்துப் பேச மனசு வரவில்லை என்றும் சொன்னார். ஒரு வரியையும் அடிக்கச் சொல்லவில்லை. சில உறவினர்கள், நினைவு நாளில் இதெல்லாம் எதற்கு என்றார்கள். அவர்களுக்கு என் பதில், அக்கா கேட்டுக்கொண்டார் என்பது மட்டும்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பொறுமையாக மருத்துவம் பார்த்த மருத்துவருக்கும், அக்காவின் அதட்டலையும் கணக்கையும் சேர்த்துத் தாங்கிய செவிலியர்களுக்கும் நன்றி. வேண்டும்போதெல்லாம் ரத்தம் கொடுக்க வந்த பழைய மாணவர்களுக்கு நன்றி. அவசரத்துக்குக் காரை அனுப்பிய பக்கத்துப் பட்டறைக்காரருக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு ஆக்கி அனுப்பிய எதிர்வீட்டு அம்மாவுக்கும் நன்றி. கடைசிவரை முகம் சுளிக்காமல் அம்மாவைக் கவனித்துக்கொண்ட அக்கா மகளுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள்; அந்தக் கோபம் அவள் அம்மாவிடமிருந்து வந்தது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். கருமாதியன்று சாந்தி வந்திருந்தார். யார் சொல்லித் தெரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியாது. சோமனூரிலிருந்து பஸ் மாறி வந்து, அக்காவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, எங்கள் வீட்டுப் பெண்களைவிட அதிகமாக அழுதார். "எனக்காகப் பேசி எட்மிஸ்ட்ரஸ் வேலையவே உட்டுப்போட்டாங்க, எங்கூட்ல எனக்காக இப்படி யாரு செஞ்சாங்க" என்று என் மனைவியிடம் சொல்லிச் சொல்லி அழுதார். அப்போது வீடு நிறைய ஆட்கள். அந்த நிலையில் இருந்தவரிடம் என்னால் எதையும் சொல்ல முடியவில்லை. இலையில் உட்கார வைத்தோம். சாப்பிட்டுவிட்டு, அடுத்த வருடமும் வருகிறேன் என்று சொல்லிப் போனார்.

இந்த மலரின் முதல் பிரதியை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். சாந்தி அவர்களே, அக்காவுக்காக அன்று நீங்கள் அழுததற்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. தெரியாமல் அழுதுவிட்டேன் என்று இதைப் படித்தபின் நீங்கள் நினைத்தால், அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை.